பழைய புல்லட் ஐடிலிங்கில் தடுமாறுகிறதா? ஏர் ஸ்க்ரூவைக் கடைசியாகத் தொடுங்கள்

திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள் வெளிவந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட் 350-இல் ஐடிலிங்கை, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் நின்ற இடத்தில் ஓடுவதை, சரிசெய்யும் குறிப்புகள் இவை. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சிசி, பாயிண்டும் கண்டன்சரும் வைத்த இக்னிஷன், பெரும்பாலும் 24 மி.மீ. மிக்கார்ப் கார்புரேட்டர். பின்னால் வந்த யூசிஇ இன்ஜின் (கியர்பாக்ஸும் ஒரே உடலில் சேர்ந்தது) முற்றிலும் வேறு. அதற்கு இது உதவாது.

முதலில் எது கோளாறு, எது இயல்பு என்று பிரித்துவிடலாம். ஒற்றை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் 1000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நிமிடத்துக்கு 500 முறை வெடிக்கிறது, அதாவது நொடிக்கு எட்டு முறை. இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே வண்டியை இழுத்துக்கொண்டு போவது கனமான ஃப்ளைவீல்தான். அதனால் லேசான ஆட்டமும், சைலன்சரில் கேட்கும் அந்த ‘டுப் டுப்’ தாளமும் பிறவிக் குணம். தாளத்தில் ஓர் அடி விடுபட்டுப் போவது, வேகம் தானாக ஏறி இறங்குவது, சிக்னலில் சூடாக நிற்கும்போது அணைந்துபோவது, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் தொங்குவது: இந்த நான்கும்தான் கோளாறு.

இப்படி நேர்ந்தால் நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் நேராகத் திருப்புளியை எடுத்து ஏர் ஸ்க்ரூவை, அதாவது ஐடிலிங்கில் கார்புரேட்டருக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகை, திருகுவார்கள். கொஞ்சம் சரியானது போலத் தெரியும். ஒரு வாரத்தில் பழைய கதை திரும்பும். கார்புரேட்டர் திருகு மற்ற கோளாறுகளை மூடி மறைக்கும், சரிசெய்யாது. டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) இறுகியிருந்தாலும், பாயிண்ட் (திறந்து மூடிப் பொறி விழச் செய்யும் முனைகள்) தேய்ந்திருந்தாலும், எங்கேயோ காற்று புகுந்தாலும் ஐடிலிங்தான் முதலில் கெடும், ஏனென்றால் அந்த நிலையில் உள்ளே போகும் கலவையும் குறைவு, ஃப்ளைவீலில் உள்ள வேகமும் குறைவு. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: டேப்பட், பிறகு பாயிண்டும் டைமிங்கும் (பொறி விழும் நேரம்), பிறகு காற்றுக் கசிவு, அதன் பிறகே கார்புரேட்டரின் உள்ளே, கடைசியாகத் திருகு.

தேவைப்படுபவை: 0.35, 0.40, 0.45, 0.50 மி.மீ. இதழ்கள் உள்ள ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், டேப்பட் ஸ்பேனர்கள், ஜெட்டின் தலையில் சரியாகப் பொருந்தும் திருப்புளி, சின்ன பல்பில் இரண்டு ஒயர் இணைத்த டெஸ்ட் லாம்ப், 400 நம்பர் உப்புத்தாள், ஒரு கண்ணாடித் துண்டு, கொஞ்சம் கிரீஸ்.

வண்டி சொல்வதைக் கேளுங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். வண்டியை ஐடிலிங்கில் விட்டு ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். வேகம் மாறினால் கேபிள்தான் இழுபடுகிறது. ஆக்சிலேட்டர் கேபிளில் 2 மி.மீ. தளர்வு வைத்து, டேங்க்குக்கு அடியில் அது போகும் வழியைச் சீர்செய்தால் வேலை முடிந்தது. ஹெட்லைட்டைப் போட்டதும் தடுமாறினால் பேட்டரியைப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சூடானதும் அணைந்தால் டேப்பட் இறுக்கம், கண்டன்சர், அல்லது காயில். குளிரில் சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, சூடானாலும் சோக்கை எடுக்க முடியவில்லை என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை: ஸ்லோ ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் நுண்துளை) அடைப்பு அல்லது காற்றுக் கசிவு.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் இப்போதே. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரமான, எண்ணெய்ப் பிசுக்குள்ள கரி என்றால் ஆயில் மேலே வருகிறது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் காற்று அதிகம். இளம் பழுப்பு என்றால் கலவை சரி, கோளாறு வேறு இடத்தில். பிளக் இடைவெளி 0.45 முதல் 0.50 மி.மீ. பிளக் மலிவானது, சந்தேகம் இருந்தால் தேய்த்துக்கொண்டிருக்காமல் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

டேப்பட்டும் டிகம்ப்ரசரும்

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும்; ராத்திரி நின்ற வண்டியைக் காலையில் பார்ப்பது உத்தமம். பிளக்கைக் கழற்றி, டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றி, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டால் காற்று விரலைத் தள்ளும்; அதுதான் கம்ப்ரஷன்.

வலப்பக்கம் சிலிண்டரின் அடியில் உள்ள டேப்பட் மூடியைத் திறந்தால் இரண்டு புஷ் ராடுகளின் கீழ்முனை தெரியும். இந்த இன்ஜினின் டேப்பட்டுக்கு ஃபீலர் கேஜ் அளவு கிடையாது. குளிர்ந்த நிலையில் இடைவெளி பூஜ்யம்: ராடை இரண்டு விரலால் உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. சுழலவே மறுத்தால் இறுக்கம். சூடாகும்போது வால்வு முழுக்க உட்காராது. கம்ப்ரஷன் கசியும், ஐடிலிங் நிலைக்காது, நாளடைவில் எக்ஸ்ஹாஸ்ட் வால்வு கருகும். சத்தம் வராமல் இருக்க டேப்பட்டை இறுக்கி வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது வேண்டவே வேண்டாம். லேசான டேப்பட் சத்தத்தோடு ஓடும் புல்லட் நலமான புல்லட்.

லாக் நட்டை இறுக்கும்போது அமைப்பு கொஞ்சம் நகரும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி உருட்டிப் பாருங்கள். பிறகு சக்கரத்தை இரண்டு மூன்று முறை சுற்றி, மீண்டும் உச்சிக்கு வந்து இன்னொரு தடவை. ராடின் ஒரு பக்கம் சுழன்று மறுபக்கம் பிடித்தால் ராடு வளைந்திருக்கிறது.

டிகம்ப்ரசர் (கிக் அடிக்க எளிதாகக் கம்ப்ரஷனை வெளியே விடும் சின்ன வால்வு) கேபிளில் தளர்வு இருக்கிறதா என்று கையோடு பார்த்துவிடுங்கள். இழுபட்டு நின்றால் அந்தச் சின்ன வால்வு சதா லேசாகத் திறந்தே இருக்கும். பிளக்கை மாட்டி, கிக்கரை கம்ப்ரஷனில் நிறுத்தி, உடல் எடையை மெல்ல ஏற்றினால் சில நொடிகளாவது அது தாங்க வேண்டும். ‘உஸ்’ என்று உடனே இறங்கினால் எங்கிருந்து சத்தம் வருகிறது என்று காது வையுங்கள்: கார்புரேட்டர் பக்கம் என்றால் இன்லெட் வால்வு, சைலன்சரில் என்றால் எக்ஸ்ஹாஸ்ட், ஆயில் ஊற்றும் துளையில் என்றால் பிஸ்டன் ரிங்.

பாயிண்ட், கண்டன்சர், அட்வான்ஸ்

ஐடிலிங் தகராறுகளில் பாதி இங்கேதான் தீரும் என்பது எங்கள் கணிப்பு. வலப்பக்க டைமிங் கவரில் உள்ள பாயிண்ட் மூடியைத் திறங்கள்.

முனைகள் இரண்டும் சாம்பல் நிறத்தில், சமதளமாக, ஒன்றன்மேல் ஒன்று நேராக உட்கார வேண்டும். ஒன்றில் குழியும் மற்றதில் மேடும் இருந்தால் மெல்லிய அரத்தால் மேட்டை மட்டும் நீவுங்கள். உப்புத்தாளின் துகள் முனையில் பதிந்து மின்சாரத்தைத் தடுக்கும், ஆகவே அது இங்கே கூடாது. பெட்ரோலில் நனைத்த வெள்ளைத் தாளை இடையில் விட்டு இழுத்துத் துடையுங்கள். புதுப் பாயிண்டிலும் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். துடைக்காமல் மாட்டினால் முதல் நாளே மிஸ்ஸிங்.

கேம் முழுக்கத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. கேமில் உரசும் ஃபைபர் முனை தேயத் தேய இந்த இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்னுக்குப் போகும், இன்ஜின் சூடேறிச் சோம்பலாக ஓடும். கேமில் தீக்குச்சித் தலையளவு கிரீஸ் வைத்தால் தேய்மானம் வெகுவாகக் குறையும். அதற்கு மேல் வைத்தால் தெறித்துப் பாயிண்டைக் கெடுக்கும்.

கண்டன்சரைச் சோதிக்க இருட்டு போதும். பாயிண்ட் மூடி இல்லாமல் வண்டியை ஓடவிட்டுப் பாருங்கள். பாயிண்ட் முனையில் ஊசிமுனை போல எப்போதாவது மின்னினால் பரவாயில்லை. கொழுத்த பொறி விடாமல் தாவினால் கண்டன்சர் போய்விட்டது. இது சூட்டில் மட்டும் கெடுவதும் உண்டு, அதனால் ஓடிவந்த வண்டியில் சோதியுங்கள். இன்ஜின் சூடு தாக்காமல் கார் கண்டன்சர் ஒன்றை டேங்க்குக்கு அடியில், காயிலுக்குப் பக்கத்தில் மாட்டுவது நல்ல ஏற்பாடு; இணைப்பு இறுக்கமாகவும் எர்த் சுத்தமாகவும் இருந்தால் போதும்.

அடுத்தது பலரும் பார்க்காமல் விடும் இடம்: பாயிண்ட் தட்டுக்குப் பின்னால் உள்ள ஆட்டோ அட்வான்ஸ். வேகம் கூடும்போது இரண்டு சிறு எடைகள் விரிந்து டைமிங்கை முன்னுக்குத் தள்ளும். ஸ்பிரிங்குகள் திரும்ப இழுக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் ஐடிலிங்கிலேயே எடைகள் விரியத் தொடங்கும். டைமிங் முன்னேறும், அதனால் வேகம் ஏறும், ஏறியதால் இன்னும் முன்னேறும், பிறகு சரிந்து விழும். ‘ஏறுது இறங்குது’ என்று சொல்லப்படும் வண்டிகளில் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் சரியாகாததற்கு இதுவே காரணம். எடைகள் துருப்பிடித்து விரிந்த நிலையில் மாட்டிக்கொண்டால் வேகம் இறங்காது, கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். கேமை அது சுழலும் திசையில் விரலால் திருப்பி விடுங்கள். ‘டக்’கென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் கழற்றிக் கழுவி, தண்டில் ஒரு துளி ஆயில். ஸ்பிரிங் நீண்டிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

இப்போது டைமிங். பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும், அதனால் எப்போதும் இடைவெளி முதலில், டைமிங் பிறகு. பிளக் துளையில் நேரான கம்பி ஒன்றை விட்டு, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியைக் குறித்துக்கொள்ளுங்கள். டயல் கேஜ் இருந்தால் இன்னும் துல்லியம். சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றி பிஸ்டனை 5 மி.மீ. போலக் கீழே இறக்கி, மெல்ல முன்னோக்கி வந்து உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பாக நிறுத்துங்கள். கியர்களின் இடைத்தளர்வு கணக்கைக் கெடுக்காமலிருக்கவே இந்தப் பின்னோக்கிய பயணம். அட்வான்ஸ் எடைகள் ஓய்வு நிலையில் இருக்க, பாயிண்ட் சரியாக இந்த இடத்தில் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்ட் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லாம்ப்பை மாட்டி இக்னிஷனைப் போட்டால், திறக்கும் கணத்தில் பல்ப் எரியும். ஆம்ப் மீட்டர் முள்ளும் இதையே காட்டும்: பாயிண்ட் மூடியிருக்கையில் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும், திறந்ததும் நடுவுக்கு வரும். வித்தியாசம் இருந்தால் பாயிண்ட் தட்டின் திருகுகளைத் தளர்த்தி, தட்டை இம்மி இம்மியாக நகர்த்துங்கள். வேலை முடிந்ததும் இக்னிஷனை அணையுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் விட்டுவைத்தால் காயில் கொதித்துவிடும்.

பேட்டரிக்கு ஒரு வரி போதும்: ஓய்வில் 12 வோல்ட் பேட்டரி 12.6 வரையும், 6 வோல்ட் பேட்டரி 6.3 வரையும் காட்ட வேண்டும். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் தருவது சொற்பம், காயிலுக்குத் தீனி போடுவது பெரும்பாலும் பேட்டரிதான்.

காற்று எங்கே புகுகிறது

கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் புகும் காற்றுக்குப் பெட்ரோல் கணக்கு கிடையாது. ஓட்டத்தில் தெரியாது; ஐடிலிங்கில் கலவையை நீர்த்துப்போகச் செய்துவிடும்.

வண்டி ஓடும்போது இன்லெட் மூட்டைச் சுற்றிக் கெட்டியான கிரீஸை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் தடவும்போது ஓட்டம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் வழக்கம் ஆபத்தானது; சூடான வார்ப்பிரும்புக்குப் பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள்.

ஹெட்டோடு நேராக இரண்டு நட்டில் மாட்டும் ஃப்ளேஞ்ச் கார்புரேட்டர் என்றால் குற்றவாளி பெரும்பாலும் ஃப்ளேஞ்ச் முகம். கசிகிறது என்று இன்னும் இறுக்க, இறுக்க, காது இரண்டும் முன்னால் வளைந்து நடு பள்ளமாகும், மேலும் கசியும். கண்ணாடித் துண்டின்மேல் 400 நம்பர் உப்புத்தாளை விரித்து, ஒரு சொட்டு ஆயில் விட்டு, முகத்தை எட்டு எண் போடுவது போலத் தேயுங்கள். முழுப் பரப்பும் ஒரே மினுமினுப்புக்கு வந்தால் சமம். பிறகு இருபக்கமும் புதிய பேக்கிங், நடுவில் சூடு தடுக்கும் கறுப்புத் துண்டு, நட்டுகளை மாறி மாறிக் கால் சுற்றாக, அளவான இறுக்கம். ரப்பர் மேனிஃபோல்டு உள்ள வண்டிகளில் அதைக் கழற்றி மடக்கிப் பாருங்கள். வெளியே நன்றாக இருந்து உட்புறம் வெடித்திருக்கும்.

இன்னொரு வழி, தேய்ந்த ஸ்லைடு (ஆக்சிலேட்டர் கேபிள் மேலும் கீழும் இழுக்கும் கார்புரேட்டர் பாகம்). ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஸ்லைடை விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ‘கடகட’வென்று ஆடினால், ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், அதன் ஓரமாகக் காற்று நுழைகிறது. ஸ்லைடை மட்டும் மாற்றினால் பாதிதான் தேறும், உடலும் கூடவே தேய்ந்திருக்கும். அந்தக் கார்புரேட்டருக்கு விடை கொடுப்பதே நல்லது.

சைலன்சர் பெண்ட் ஹெட்டில் சேரும் இடத்தில் கசிந்தால் ஆக்சிலேட்டரை விடும்போது ‘பட் பட்’ என்று வெடிக்கும். ஐடிலிங்கை அது கெடுக்காது, ஆனால் கலவையில் கோளாறு என்று உங்களை ஏமாற்றும்.

கார்புரேட்டரின் உள்ளே

இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஓ-ரிங்கை உப்பவும் விறைக்கவும் வைக்கும், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொடியையும் பிசினையும் விட்டுச்செல்லும். கலவையையும் ஓரளவு நீர்க்கச் செய்யும். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, அது தானாக அணையும் வரை ஓடவிடுங்கள்.

கிண்ணத்தைக் கழற்றியதும் தெரியும் இரண்டு பித்தளை ஜெட்டுகளில் மெல்லியது ஸ்லோ ஜெட். ஐடிலிங் முழுக்க அதன் கையில். வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, அப்போதும் அடைத்திருந்தால் மின்சார ஒயரின் ஒற்றைச் செம்பு இழையை விடுங்கள். ஊசி, எஃகுக் கம்பி, குண்டூசி எதுவும் வேண்டாம். துளை ஒரு முடியளவு பெரிதானாலும் ஜெட் வீண். ஜெட்டில் பொறித்த எண் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதுதானா என்று பாருங்கள், பலர் கை மாறிய வண்டியில் எதுவும் இருக்கலாம்.

ஜெட்டைக் கழுவினால் மட்டும் போதாது. ஏர் ஸ்க்ரூவைக் கழற்றி அந்தத் துளையில் கிளீனரை அடியுங்கள். கார்புரேட்டரின் உட்சுவரில், ஸ்லைடின் கீழ் விளிம்புக்குப் பக்கத்தில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக அது பீய்ச்ச வேண்டும். அங்கே வராவிட்டால் பாதை அடைத்திருக்கிறது. ஏர் ஸ்க்ரூவின் கூர்முனையில் வளையமாகத் தழும்பு இருந்தால் யாரோ முறுக்கி இறுக்கியிருக்கிறார்கள். முனை ஒடிந்து உள்ளே தங்கியும் இருக்கலாம்.

ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை, மாற்ற வேண்டும். ஃப்ளோட் ஊசியின் நுனியில் பள்ளம் விழுந்திருந்தாலும் அப்படியே. சோக் பிளஞ்சரின் அடி ரப்பர் நைந்திருந்தால் சோக்கை எடுத்த பிறகும் பெட்ரோல் கசிந்துகொண்டே இருக்கும். கரி படிந்த பிளக்குக்கு அடிக்கடி இது காரணம்.

இப்போது திருகு

ஏர் ஃபில்டரை மாட்டி, ஐந்து கிலோமீட்டர் ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். குளிர்ந்த வண்டியில் செய்யும் செட்டிங் சிக்னல் வரைக்கும்கூடத் தாங்காது.

ஸ்லைடைத் தூக்கி நிறுத்தும் ஐடில் ஸ்க்ரூவை உள்ளே திருகி வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள். ஏர் ஸ்க்ரூவை மென்மையாக, முட்டும் வரை மட்டும் உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இது காற்றைக் கட்டுப்படுத்தும் திருகு: உள்ளே போனால் பெட்ரோல் கூடும், வெளியே வந்தால் காற்று கூடும். இங்கிருந்து கால் சுற்றாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் பத்து நொடி பொறுங்கள். வேகம் உச்சத்திலும் தாளம் சீராகவும் இருக்கும் இடத்தில் நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்குங்கள். மறுபடி ஏர் ஸ்க்ரூ, மறுபடி ஐடில் ஸ்க்ரூ. இரண்டு மூன்று சுற்றில் அமைந்துவிடும்.

நல்ல இடம் அரைச் சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் பெட்ரோல் போதவில்லை: ஸ்லோ ஜெட் இன்னும் அடைத்திருக்கிறது அல்லது காற்று புகுகிறது. இரண்டரைச் சுற்றையும் தாண்டினால் பெட்ரோல் அதிகம்: ஃப்ளோட் மட்டம், சோக், அடைத்த ஏர் ஃபில்டர். எத்தனை திருகினாலும் ஓட்டத்தில் மாற்றமே இல்லை என்றால் ஸ்லைடு மிக மேலே தூக்கியிருக்கிறது. ஐடில் பாதை வேலையே செய்யவில்லை.

ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கி விடுங்கள். வேகம் ஏறி உடனே இறங்கி நிலைக்க வேண்டும். மேலேயே தொங்கினால் காற்று அதிகம் அல்லது அட்வான்ஸ் ஒட்டுகிறது. கீழே விழுந்து முக்கி எழுந்தால் பெட்ரோல் அதிகம்.

ஐடிலிங் வேகம் 900 முதல் 1000 ஆர்பிஎம். பிளக் ஒயரில் சுற்றும் சிறிய டேக்கோமீட்டர் கிடைத்தால், இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று அதில் தேர்ந்தெடுங்கள். இந்த இன்ஜினில் பாயிண்ட் கேம் கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. ‘டுப்… டுப்…’ என்று எண்ணி எண்ணி விழ வேண்டும் என்ற ஆசையில் 500, 600-க்கு இறக்காதீர்கள். இந்த இன்ஜினின் பிக் எண்டில் (கனெக்டிங் ராடு கிராங்க்கில் சேரும் இடம்) இருப்பது மிதக்கும் புஷ். ஆயில் பம்ப் தள்ளும் எண்ணெய்தான் அதன் உயிர். பம்ப் இன்ஜின் வேகத்துக்குத் தகுந்தபடிதான் தள்ளும். பேட்டரியும் சார்ஜ் ஆகாது.

இத்தனையும் முடித்த பிறகும் அவ்வப்போது ஓர் அடி விடுபடுகிறது, நின்று கிளம்பும்போது சைலன்சரில் நீலப் புகை எட்டிப் பார்க்கிறது என்றால் இன்லெட் வால்வ் கைடு தேய்ந்திருக்கிறது. வால்வுத் தண்டின் ஓரமாக ஆயிலும் காற்றும் சேர்ந்து உள்ளே போகின்றன. ராக்கர் கவரைத் திறந்து, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது வால்வுத் தண்டின் மேல்முனையை விரலால் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் கையில் தெரியும். அதற்கு மருந்து ஹெட்டை இறக்கி, புதிய கைடு அடித்து, ரீம் செய்து, வால்வு சீட்டை வெட்டி லேப்பிங் செய்வது. லேத் பட்டறைக்குப் போக வேண்டிய வேலை.